அணியத்தில் எத்தனை அடுக்கு

அத்தியாயம் பதினான்கு

ஸ்ரீலட்சுமியின் ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஒரு வள்ளத்தின் மூக்குத் துண்டு கிடந்தது.

உள்ளங்கை அகலம்தான். வெளிப்பக்கம் நீலப் பெயின்ட், உள்பக்கம் சொரசொரப்பான பச்சை. அறுத்த விளிம்பைப் பார்த்தால் பொரோட்டா மாதிரி நடுவில் அடுக்குப் பிரிந்திருந்தது.

பத்து நாளைக்கு முன்னால் வரை அது பினுவின் ஃபைபர் வள்ளத்துக்கு அணியமாக இருந்தது. விழிஞ்ஞத்திலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், அலைமேல் ஏறி இறங்கிய வள்ளம் முன்பக்கம் வாய் பிளந்தது. கூடப் போன இருவர் காலி மண்ணெண்ணெய் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்தார்கள். பினு எஞ்சினுக்கு அடியில் சிக்கினான். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் முறிந்து மெடிக்கல் காலேஜில் கிடக்கிறான். இனி கடலுக்குப் போவானா என்று கேட்டால் டாக்டர்கள் மின்விசிறியைப் பார்க்கிறார்கள்.

வள்ளத்தைக் கட்டியது சுஜித். ஸ்ரீலட்சுமியின் அண்ணன்.

“மிதக்குத மரத்துல இடிச்சிருப்பான்” என்று சொன்னான் சுஜித். சொன்னவன் பேசாமல் இருந்திருக்கலாம். மறுநாள் காலையில் கையில் ரம்பத்தோடு கரைக்குப் போய், இழுத்துப் போட்டிருந்த வள்ளத்தின் அணியத்தை அறுக்க ஆரம்பித்தான். பினுவின் மனைவி பிஜி கையும் ரம்பமுமாகப் பிடித்தாள். அதற்குப் பிறகு அந்தக் கரையில் அவன் சொல்லை நம்ப ஆள் இல்லை.

நேற்று பிஜியே அந்த இடத்தை அறுத்து, துண்டை இரண்டாக்கி, ஒன்றை ஸ்ரீலட்சுமியின் கையில் வைத்தாள்.

“சேச்சி காலேஜ் லேப்லயில்ல ஜோலி பாக்கது? எரிச்சா எத்தர அடுக்குன்னு தெரியும்னு சொல்றாங்க. எரிச்சு நோக்கு. ஆறுன்னாக்கும் உங்க அண்ணன் எழுதிக் கொடுத்தது.”

“என்னைய நம்பி தாறியா?”

“நம்பியா? நல்ல கதை.” பிஜி மறுபாதியைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். “இது என் கையில இருக்கும். நிங்கள் கள்ளம் சொன்னா இத கொச்சியில கொண்டுபோய் எரிப்பேன். அப்பம் அண்ணனும் தங்கச்சியும் சேந்து போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கலாம்.”

இன்று புதன்கிழமை. மாலை நாலு மணிக்கு கரைக் கமிட்டிக்காரர்கள் சுஜித் வள்ளம் கட்டும் ஷெட்டுக்கு வருகிறார்கள். அடுக்குக் குறைந்திருந்தால் சுஜித் மேல் வழக்கு. அப்புறம் ஷெட்டும் இல்லை, சுஜித்தும் வீட்டில் இல்லை.

காலையில் கரமனை வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா உலகம்மை வாசல்வரை வந்தாள். கையில் சாம்பார்க் கரண்டி.

“லெச்சுமி, அத எரிச்சா என்னதான் மிச்சம் கெடைக்கும்?”

“ரெசின் எல்லாம் போயிரும். கண்ணாடி நூலு நிக்கும்.”

“வேற ஒண்ணும் நிக்காதுல்லா?”

ஸ்ரீலட்சுமி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். மகனுக்காகப் பயப்படுகிறாள் என்று நினைத்தாள். இந்த வீட்டில் அம்மாவின் பயம் முழுக்க மகனுக்குத்தான் போகும். மகளுக்கு சில்லறை கிடைக்கும்.

“நிக்காது” என்றாள்.

*

போகிற வழியில் சாலை பஜாரில் இறங்கினாள். அப்பா திரவியத்தின் கடை. கயிறு, வலை, மிதவை, கண்ணாடி இழை மேட், ரெசின் டின். சுஜித்தின் ஷெட்டுக்குச் சரக்கு இங்கிருந்துதான் போகும். பினுவின் வள்ளத்துக்குப் போன அதே மேட் ரோலில் மிச்சம் இருந்தால், எரித்துப் பார்த்து ஒப்பிட ஒரு துண்டு வேண்டும்.

திரவியம் ஒரு பெயின்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, அந்த மஞ்சக் கயிறு போதும். விலையும் கொறவு.”

“என்னத்துக்கு?”

“ஃப்ளாட்டுக்கு பெயின்ட் அடிக்க. தொட்டில்ல தொங்கணும்.”

“மஞ்சக் கயிறு தண்ணில மிதக்கும். வல கட்டதுக்கு கொண்டு போ. ஆளு தொங்கதுக்கு நைலான். நைலான் விழும்போது கொஞ்சம் நீண்டு குடுக்கும். அது குடுக்காது, ஒன் முதுகுதான் குடுக்கணும்.” திரவியம் மஞ்சள் கயிற்றின் ஒரு முனையைப் பெயின்டரின் உள்ளங்கையில் தேய்த்தார். வெள்ளையாகப் பொடி ஒட்டியது. “வெளிய தொங்கவிட்டது. வெயிலு தின்னாச்சு. இத நான் வித்தா நாளைக்கு ஒன் பொண்டாட்டி வந்து என் கடைமேல மண்ண வாரி எறிவா.”

பெயின்டர் நைலானோடு போனான். ஸ்ரீலட்சுமி கேட்டதை அப்பா எடுத்துத் தரவில்லை. கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார்.

“அந்த ரோலு தீந்துது.”

“ஒரு சாணு கூடவா இல்ல?”

“தீந்துதுன்னு சொன்னேன்லா.”

அவருக்குப் பின்னால் தட்டில் பாதி ரோல் நின்றது. நீல மையில் போன வருடத் தேதி. அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். தெருவில் ஒரு வண்டிக்காரன் வழி கேட்டு மலையாளத்தில் கத்தினான்.

“மோளே” என்றார் திரவியம், குரலை இறக்கி. “நாலுன்னு வந்தா ஆறுன்னு சொல்லுவியா?”

“அப்பா, இப்பம் ஒரு பெயின்டருக்கு என்ன சொன்னீங்க?”

“அவன் எவனோ. இது ஒன் அண்ணன்.”

“அப்பம் நீங்களும் நாலுன்னுதான் நெனைக்கேளா?”

அவர் எழுந்துபோய் ரோலிலிருந்து ஒரு துண்டைக் கத்திரித்து அவளிடம் கொடுத்தார். கை அரித்தது போலிருக்கிறது, வேட்டியில் தேய்த்தார். கண்ணாடி மேட் அப்படித்தான். முப்பது வருடம் விற்றாலும் அரிக்கும்.

அவளுக்கு அப்பாமேல் கோபம் வரவில்லை. ராத்திரி முழுக்க அவள் போட்ட கணக்கும் நாலில்தான் நின்றிருந்தது. கடனில் கார் வாங்கியவன் சுஜித். சொன்ன தேதிக்கு முன்னால் வள்ளம் இறக்கி பெயர் வாங்குகிறவன் சுஜித். ரம்பம் எடுத்துப் போனவன் சுஜித். ஒருவன்மேல் இத்தனை பொருந்தினால், வேறு யாரைச் சந்தேகப்படுவது?

*

லேபில் மாணவர்கள் இல்லை, பரீட்சை நேரம். ஸ்ரீலட்சுமி துண்டை எடை போட்டாள். எஃகுத் தட்டில் வைத்து உலைக்குள் தள்ளினாள். அறுநூறு டிகிரி. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாள்.

ஃபைபர் வள்ளம் என்று சொன்னாலும் அதில் இரண்டு பொருள் இருக்கிறது. கண்ணாடி இழை பலத்துக்கு. பாலியெஸ்டர் ரெசின் அதைப் பிடித்து நிறுத்துவதற்கு. இழை தனியாக நின்றால் துணி, மடங்கிவிடும். ரெசின் தனியாக நின்றால் மிட்டாய், உடைந்துவிடும். இரண்டும் ஒட்டினால்தான் கடலில் அடி தாங்கும். ஒட்டின இடத்தைப் பிரித்துப் பார்க்க வேறு வழியில்லை, எரிக்கத்தான் வேண்டும். ரெசின் புகையாகப் போகும், கண்ணாடி மிஞ்சும், எண்ணலாம்.

கறுப்புப் புகை போய் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சுஜித் மூன்று தடவை கூப்பிட்டான். மூன்றாவதை எடுத்தாள்.

“ஆச்சா?”

“ஆவல.”

“லெச்சு, எரிக்காண்டாம்னு சொன்னா கேப்பியா?”

“அடுப்புல வச்சாச்சு.”

மறுமுனையில் அரவை மெஷின் ஓடும் சத்தம். ஷெட்டில் நிற்கிறான்.

“எத்தன வச்சே அண்ணே? எங்கிட்டயாவது சொல்லு.”

“ஆறு.”

“பின்ன என்னத்துக்கு எரிக்காண்டாம்ங்கே? என்னத்துக்கு ரம்பத்த தூக்கிட்டு போனே?”

“ஒன் புத்தி போலீஸ் புத்தி” என்றான். வைத்துவிட்டான்.

ஒரு மணிக்கு உலையை அணைத்தாள். ஆறுவதற்கு இன்னொரு மணி நேரம். பொதிச்சோறு பிரித்தாள், இரண்டு வாய் தின்றாள், மூடி வைத்தாள். ஆறாக இருந்தால் நல்லது என்று நினைத்தாள். ஆறாக இருந்தால் ஏன் உடைந்தது என்ற கேள்வி அதற்குப் பின்னாலேயே வந்தது.

தட்டு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் விளக்கை அருகில் இழுத்தாள். துண்டு வெள்ளைவெளேரென்று கிடந்தது. இடுக்கியால் மேல் அடுக்கைத் தூக்கினாள். துண்டுதுண்டான இழைகள், பஞ்சு மாதிரி: மேட். ஒன்று. அதன்கீழே பாய் போல நெய்த இழை: ரோவிங். இரண்டு. மறுபடி மேட். மூன்று.

நாலாவதைத் தூக்கும் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ரோவிங். நாலு. மேட். ஐந்து. மேட். ஆறு.

இன்னொரு தடவை எண்ணினாள். ஆறு. எடையும் சரியாக வந்தது. அப்பாவின் ரோலில் வெட்டிய துண்டோடு ஒப்பிட்டாள். அதே மேட். ஒரு நூல்கூடக் குறைவில்லை.

பத்து நாளாக வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து அவனைக் கள்ளனாக்கி வைத்திருந்தோமே என்று நினைத்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். அப்பாவைக் கூப்பிட விரல் போயிற்று.

அப்போதுதான் மூன்றாம் அடுக்கைத் திருப்பி வைத்தாள்.

அதன் அடிப்பக்கத்தில், கண்ணாடியின் வெள்ளைக்கு நடுவே, ஒரு கோடு மின்னியது. விரற்கடை அகலம். துண்டின் நடுவில் தொடங்கி அறுத்த விளிம்புவரை ஓடி அங்கே நின்றது. அதைச் சுற்றிச் சாம்பல். சாம்பலில் செங்கல் நிறத்தில் ஒரு கறை.

இடுக்கியால் கிள்ளினாள். கண்ணாடி இழை கிள்ளினால் பொடியும். இது பொடியவில்லை, வளைந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மயிரைவிட மெல்லிய வெள்ளித் தகடு, சுருள் சுருளாக. நூல் எரிந்துபோய், நூலைச் சுற்றியிருந்த வெள்ளி மட்டும் நின்றது. சுருள்கள் வரிசையாக நின்ற விதத்தில் இன்னும் உரு தெரிந்தது. ஒரு ருத்திராட்சம், ஒரு கட்டம். ஒரு ருத்திராட்சம், ஒரு கட்டம்.

அந்தச் சரிகைக் கரையை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். “அசல் வெள்ளிச் சரிகையாக்கும், ஒங்க காலத்து டூப்ளிகேட் இல்ல” என்று யார் வந்தாலும் எடுத்துக் காட்டப்படும் சந்தனநிறப் பட்டு. உலகம்மையின் கல்யாணப் புடவை.

எவ்வளவு நாளாக அது வெளியே வரவில்லை என்று யோசித்தாள். இரண்டு வருடமாவது இருக்கும்.

*

நாலு மணிக்கு ஷெட்டில் கமிட்டிக்காரர்கள் நாலு பேர், பிஜி, வேலைக்காரர்கள். சுஜித் வள்ளம் வார்க்கும் அச்சின்மேல் சாய்ந்து நின்றான். முகத்தில் ரெசின் தூள். திரவியம் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். உலகம்மையும் வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் வேலைக்காரர்களுக்குச் சோறு கொண்டுவருவாள். இன்று புதன்கிழமை, கையில் ஒன்றுமில்லை.

ஸ்ரீலட்சுமி தட்டை மேஜையில் வைத்தாள். ஆறு அடுக்கையும் வரிசையாகப் பரப்பினாள்.

“எண்ணிக்கோங்க.”

பிஜி வாய்விட்டு எண்ணினாள். ஆறு வந்தது. மறுபடியும் எண்ணினாள். அவள் முகம் கோணியது. புருஷன் இடுப்பு முறிந்ததற்கு ஒரு காரணம் கையில் இருந்தது, அதுவும் போயிற்று.

“பின்னே எப்பிடி பொளந்துது?” என்றாள். “மரத்துல இடிச்சுதா? ஒரு போறல், ஒரு கீறல் இல்லியே பெயின்ட்ல!”

“இடிக்கல” என்றாள் ஸ்ரீலட்சுமி. “மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒட்டவே இல்ல. ஒட்டவிடாம ஒண்ணு இருந்துது.”

தட்டோடு கொண்டுவந்திருந்த பேப்பர்ப் பொட்டலத்தைப் பிரித்தாள். சரிகை விளக்கொளியில் மின்னியது.

எல்லாரும் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். உலகம்மை மட்டும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா.”

“அது முத்தாரம்மனுக்குச் சாத்தின துணி” என்றாள் உலகம்மை. யாரோ சண்டைக்கு வந்ததுபோல இருந்தது குரல். “தப்பா ஒண்ணும் செய்யல. மரவள்ளம் கட்டும்போது அடிக்கட்டையில காசு வைக்கது இல்லியா? இதுல எங்க வைக்க? கட்டையும் இல்ல, ஆணியும் இல்ல. ஒரு துண்டு பட்டு வெட்டி, அம்மன் வெளக்கு எண்ணெயில முக்கி, குங்குமம் வச்சு, மத்தியானம் ஆளுவ சாப்பிடப் போவும்போது அணியத்துக்குள்ள ஒட்டிருவேன். போறவன் எந்தச் சாதியானாலும் திரும்பி வரணும்லா?”

“எண்ணெயிலயா?” என்றார் திரவியம். கண்ணாடி மேட் மேல் ஒரு சொட்டு வேர்வை விழுந்தால் ஒட்டாது என்று வேலைக்காரர்கள் நெற்றியில் துண்டு கட்டும் தொழில் அது.

“பட்டுதான். பாலியெஸ்டர் கூட இல்ல. அம்மனுக்கு அதெல்லாம் ஆவாது.”

“அம்மா, இந்த வள்ளமே பாலியெஸ்டராக்கும்” என்றாள் ஸ்ரீலட்சுமி. “எண்ணெ பட்ட எடத்துல ரெசின் பிடிக்காது. அங்கின தண்ணி ஏறும். ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமா பிரியும். ஒரு நாளு பொளக்கும்.”

பிஜி தன் சேலைத் தலைப்பை அவிழ்த்தாள். மறுபாதியை எடுத்து, அறுத்த விளிம்பை நகத்தால் நெருடினாள். இரண்டு அடுக்குக்கு நடுவில் சந்தனநிறத்தில் ஒரு நூல் வெளியே வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவரு கழுத்துல மாதாவோட மெடல் உண்டு” என்றாள். “நிங்கள் கேட்டிருந்தா, அணியத்துக்கு மேல தொங்கவிட ஞான் ஒரு ஜெபமாலை கூட தந்திருப்பேனே அம்மே. உள்ள வச்சு மூடினது எந்தினா, என்னத்துக்கு?”

உலகம்மைக்கு அழுகை வந்தது. அதற்கு நேரம் இல்லை என்று ஸ்ரீலட்சுமிக்குத் தோன்றியது.

“அம்மா. அந்தப் பொடவைய எத்தன துண்டா வெட்டினே?”

உலகம்மை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“எத்தன?”

“ஒம்பது.”

“ஒம்பதும் வச்சாச்சா?”

“பீரோவுல ஒண்ணும் இல்ல.”

ஷெட்டில் அரவை மெஷின் நின்றிருந்தது. வெளியே கரையில் எஞ்சின் சத்தம் கேட்டது. மூன்றரைக்கு வள்ளங்கள் இறங்கத் தொடங்கும். நாலரைக்குப் பாதிக்கு மேல் கடலில் இருக்கும்.

“ஒண்ணு பினுவோடது” என்றாள் ஸ்ரீலட்சுமி. “பாக்கி எட்டு எதுஎது?”

“எனக்கெங்க தெரியும் மக்களே? அச்சுல கெடக்கும்போது எல்லாம் ஒண்ணுபோலல்லா இருக்கு. பேரெல்லாம் பெறவுதான எழுதுவாங்க.”

சுஜித் அதற்குள் போனை எடுத்திருந்தான். அச்சின் விளிம்பில் ஏறி நின்று, சிக்னல் கிடைக்கும் மூலையைப் பார்த்துக் கையை உயர்த்திக் கத்தினான்.

“ஷிபுவே, சுஜித்தாக்கும். வள்ளத்த திருப்பு. கேள்வி ஒண்ணும் கேக்காண்டாம், திருப்பு!”

அடுத்தது. “அந்தோணிச் சேட்டா, எங்க நிக்கீங்க? கரைக்கு வாங்க. வலைய அறுத்துவிட்டிருங்க, நான் வாங்கித் தாறேன்.”

மூன்றாவது. நாலாவதில் பதிவு செய்த பெண்குரல், பரிதிக்குப் புறத்து, தொடர்பு எல்லைக்கு வெளியே, என்றது. அவன் கெட்டவார்த்தை ஒன்று சொல்லிவிட்டு அடுத்த நம்பருக்குப் போனான். கமிட்டிக்காரர்களில் இருவர் நாலாவது வள்ளத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு கரையை நோக்கி ஓடினார்கள். திரவியம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நாளாக மகனை முகம் பார்க்காதவர், இப்போது அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீலட்சுமியும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணன் கள்ளன் இல்லை. ஆறு என்றான், ஆறு இருந்தது.

ஐந்தாவது நம்பரை அவன் அழுத்தியபோது அந்த நிம்மதி நின்றது.

மூன்று வருடத்தில் இந்த ஷெட்டிலிருந்து இருபத்திமூன்று வள்ளம் இறங்கியிருக்கிறது. அதில் பினுவுடையது போக எட்டில் மட்டும் துணி இருக்கிறது. எந்த எட்டு என்று வைத்தவளுக்கே தெரியாது. சுஜித் இருபத்திமூன்று பேரைக் கூப்பிடவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஷெட்டின் கணக்கு டயரியைப் பார்க்கவில்லை. வள்ளம் இறங்கிய வரிசையில் ஒருவரை விட்டு, மூவரைத் தாண்டி, பொறுக்கியெடுத்த மாதிரிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அணியத்துக்கு அடுக்குப் போடுவது எப்போதும் அவன்தான். வேறு கையை விடமாட்டான். மூன்றாம் அடுக்கின்மேல் சந்தனநிறத்தில் ஒன்று ஒட்டிக்கிடந்தால், நாலாம் அடுக்கை வைக்கிறவன் பார்க்காமல் வைக்க முடியாது.

ரம்பம் எதற்கு, அணியத்திலிருந்து எதை எடுக்க என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

அவள் வாயைத் திறக்கும் முன்னால் பிஜி முந்திக்கொண்டாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள். கையில் அந்தச் சந்தனநிற நூல் தொங்கியது.

“சுஜித் சேட்டா. அம்மைக்கே தெரியாத எட்டு வள்ளம், நிங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

சுஜித் திரும்பினான். உயர்த்திய கை அப்படியே நின்றது.

ஆறாவது நம்பரை யாரோ எடுத்துவிட்டார்கள். அவன் கையிலிருந்த போனுக்குள், காற்றுக்கும் எஞ்சின் இரைச்சலுக்கும் நடுவில், ஒருவன் ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான்.